கலாயோகி எதிர்த்த கருவியும் கண்டி மலைகளின் குரலும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆடவல்லானின் நடனத்துக்கு அவர் அளித்த விளக்கமே. 1918இல் வெளிவந்த சிவ நடனம் என்ற கட்டுரைத் தொகுதி அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. கீழைத்தேயக் கலைகளை மேலை நாட்டார் மதிப்போடு நோக்கச் செய்தவர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வாழ்வின் மற்றொரு பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. கிராமபோன் பெட்டி பட்டினத்துச் செல்வர் வீடுகளுக்குள் நாகரிகத்தின் அடையாளமாக நுழைந்துகொண்டிருந்த காலத்தில், 1909இல் வெளிவந்த தமது நூலொன்றில், அக்கருவியை எதிர்த்து அவர் தனிக் கட்டுரையே எழுதினார்.

நூறாண்டுகள் கடந்துவிட்டன. பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடியெடுத்துத் தூசு தட்டிப் படியெடுப்பதே இன்று பண்பாட்டுப் பணியாக மதிக்கப்படுகின்றது. இந்த வேளையில் கலாயோகி தொடுத்த அந்த வழக்கை மீண்டும் விசாரிப்பது நமக்குப் பயன் தரும். அதற்கு அவர் கண்டி மலைச்சாரலில் கழித்த ஆண்டுகளிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி புகழ்பெற்ற சட்டத்தரணி. சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைச் சேர்ந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக்குமாரசுவாமியின் மருகர்கள். குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன், 1879 மே மாதத்தில் தந்தை காலமானார். தாயாருடன் இங்கிலாந்திலேயே வளர்ந்த ஆனந்தர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார். தமிழ்க் குடியிற் பிறந்தும் தமிழ் ஓசை காதில் விழாமல் வளர்ந்த பிள்ளை என்றே அவரைச் சொல்ல வேண்டும்.

அவரை இந்நாட்டுக்கு மீட்டுத் தந்தது கலையன்று, கல். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குப் பணிப்பாளராக அவர் 1903இல் நியமனம் பெற்றார். தோரியனைட் என்னும் கதிர்வீச்சுக் கனிமத்தை 1904இல் கண்டறிந்த பெருமை அவருக்குண்டு. மனைவி எத்தலுடன் கண்டியை அண்டிய மலைப்பகுதியில் தங்கி, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பாறைகளை ஆராய்ந்தார். பாறையைத் தேடிச் சென்றவரின் கண்ணில் வேறொன்று தென்பட்டது. கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகளிலும் எம்பக்க தேவாலயத்தின் மரத்தூண்களிலும் தெகல்தொருவவின் சுவரோவியங்களிலும் ஒரு பெருங்கலை மரபின் கைவண்ணத்தை அவர் கண்டார். அக்கைவண்ணத்துக்குச் சொந்தக்காரரான பரம்பரைக் கம்மாளரும் சித்திரகாரரும் அப்போதும் அயற்கிராமங்களில் உயிரோடிருந்தனர். ஆனால் அவர்களை ஆதரித்த அரசு 1815இல் வீழ்ந்துவிட்டது. ஆதரிக்க வேண்டிய பிரதானிகளோ ஆங்கிலப் பாணி வீட்டையும் உடையையும் நாடிச் சென்றுகொண்டிருந்தனர்.

இந்நிலை அவரை உலுக்கியது. பழைய கட்டடங்களையும் கைவினைகளையும் காக்கும்படி கண்டிப் பிரதானிகளுக்கு 1905இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராகி, 1906 முதல் சிலோன் நஷனல் ரிவியூ என்ற ஏட்டை நடத்தினார். பாடசாலைகளில் சிங்களமும் தமிழும் கற்பிக்கப்பட வேண்டுமென்று, தம் தாய்மொழி ஆங்கிலமாகவே அமைந்துவிட்ட அந்த மனிதர் வாதாடினார். இழந்தவனுக்கே இழப்பின் அளவு தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கண்டியில் அவர் திரட்டிய செய்திகள் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெருநூலாக 1908இல் வெளிவந்தன. இங்கிலாந்தின் புரோட் கம்டன் கிராமத்தில், வில்லியம் மொறிஸ் தம் புகழ்பெற்ற நூல்களை அச்சிட்ட அதே கை அச்சு இயந்திரத்தில், பதினைந்து மாத உழைப்பில் 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டன. இயந்திர நாகரிகத்தின் மீது அவருக்கிருந்த ஐயம் அச்சுக்கூடம் வரை சென்றது. அந்நூலில் கைவினைஞரின் தொழில்முறையையும் பொருள்களையும் நமக்குக் காட்டுபவை எத்தல் எடுத்த புகைப்படங்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

அடுத்த ஆண்டு, 1909இல், தேசிய இலட்சியம் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுதி வெளியானது. கிராமபோனை எதிர்க்கும் கட்டுரை இடம்பெற்றது இதில்தான். அவர் வாதத்தின் சாரத்தை நம் சொற்களிற் சொல்வதாயின் இதுவே: இசைப்பவனுக்கும் ஓசைக்கும் இடையில் பொறி எதுவும் குறுக்கிடும்போது இசையின் தரம் தாழ்கிறது. மனிதக் குரலே இசையின் உச்சம். அதற்கு அடுத்த இடம், கலைஞனின் விரல் எப்போதும் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கருவிகளுக்கு. பியானோ அதற்கும் கீழே. ஹார்மோனியம் இன்னும் கீழே. யாவற்றினும் கடைப்பட்டது கிராமபோன்.

அவருடைய அச்சம் வெறும் பழமைப் பற்று அன்று. கேட்பவன் காசு கொடுத்துப் பெட்டியை வாங்கிவிட்டால், பாடுபவனைச் சோறிட்டுக் காக்கும் கடமை யாருக்கும் இல்லாமற் போய்விடும். குருவின் முன் அமர்ந்து ஆண்டுக்கணக்கிற் கற்கும் மரபு அறுந்துவிடும். இதுவே அவர் கவலை. கண்டியில், மான்செஸ்டர் துணி வந்த பின் தறிக்கும், மலிவான இறக்குமதிப் பாத்திரம் வந்த பின் கம்மாளன் பட்டறைக்கும் நேர்ந்ததைக் கண்ணாற் கண்டவர் அவர். அதே கதி பாடகனுக்கும் நேரும் என்று கணித்தார். அக்கணிப்பு முற்றிலும் பொய்த்துவிட்டதென்று நம்மாற் சொல்ல முடியுமா? திருமண வீட்டில் நாதஸ்வரத்தின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டதை நாம் அறிவோம்.

தாம் எழுதியபடி வாழவும் அவர் முயன்றார். அவருடைய இரண்டாவது துணைவியார் அலிஸ் றிச்சட்சன், இரத்தினதேவி என்ற பெயரில் இந்திய இசை பாடியவர். காஷ்மீரில் தங்கியிருந்தபோது கபூர்த்தலாவைச் சேர்ந்த அப்துல் றஹீம் என்ற முஸ்லிம் உஸ்தாதிடம் அவர் முறையாகப் பாடம் கேட்டார். செவிவழி கற்ற பாடல்களைச் சுரக்குறிப்புகளாக எழுதினார். பஞ்சாப், காஷ்மீர்ப் பகுதிகளின் முப்பது பாடல்கள் அடங்கிய அந்நூல் 1913இல் தாகூரின் முன்னுரையோடும் குமாரசுவாமியின் அறிமுகத்தோடும் வெளிவந்தது. பெட்டியின் முன் பாடவைத்துப் பிடிப்பதற்குப் பதிலாக, ஆசிரியரின் முன் அமர்ந்து காதாலும் கையாலும் செய்த பதிவு அது. இந்துத் தத்துவத்தில் ஊறிய கலாயோகியின் இல்லத்து இசைக்கு ஒரு முஸ்லிம் ஆசானே ஊற்றாக இருந்தார் என்பது நம் வாசகர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

1917இல் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்று, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். பிற்காலத்தில் இந்திய, பாரசீக, முஸ்லிம் கலைகளின் ஆய்வறிஞர் என்பதே அங்கு அவருடைய பதவிப் பெயர். ஹிள்ர் (அலை) அவர்களையும் ஜீவ ஊற்றையும் பற்றி 1934இல் அவர் எழுதிய கட்டுரை, கதிர்காமத்துப் பள்ளிவாசலை அறிந்த இலங்கை முஸ்லிம்களுக்கு இன்றும் சுவை தரும். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் எழுபது வயது நிறைந்தது. மீண்டும் இந்தியா சென்று வாழ எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன், செப்டெம்பர் 9ஆம் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்தின் நீடம் ஊரில் காலமானார்.

விதியின் வேடிக்கை ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க முடியாது. கிராமபோனை வெறுத்த அவர் தம் கடைசி முப்பதாண்டுகளைக் கழித்த அதே நாட்டில், அதே காலத்தில், அந்தக் கருவி அவர் எதிர்பாராத வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. மிஸிஸிப்பி மாநிலத்தின் அவலோன் என்ற சிற்றூரில் ஜோன் ஹர்ட் என்ற கறுப்பினத்து உழவுத் தொழிலாளி இருந்தார். கிற்றார் வாத்தியத்தை மென்மையாக மீட்டிப் புளூஸ் பாடல்களைப் பாடுவார். ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனம் 1928இல் அவரை மெம்பிஸுக்கும் நியூயோர்க்குக்கும் அழைத்துச் சில பாடல்களைப் பதிவு செய்தது. தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அந்த வியாபாரமே படுத்துவிட்டது. ஹர்ட் மீண்டும் வயலுக்குத் திரும்பினார். உலகம் அவரை மறந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1963இல், ரொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய தட்டொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பாடலில் வந்த ஊர்ப் பெயரைக் கவனித்தார். பழைய நிலப்படத்தில் அவ்வூரைத் தேடிப்பிடித்து நேரே சென்றார். ஏறத்தாழ எழுபது வயதான ஹர்ட் அங்கே உயிரோடிருந்தார். விரலும் குரலும் அப்படியே இருந்தன. அதே ஆண்டு நியூபோர்ட் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் பாடல்களைப் பதிவு செய்தது. 1966இல் மறையும் வரை மூன்றாண்டுகள் அவருக்குரிய மதிப்பு அவருக்குக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சி கலாயோகியின் வாதத்துக்கு எதிரான சாட்சியா? ஓரளவுக்கு ஆம். மனிதனை இசையிலிருந்து பிரித்துவிடும் என்று அவர் அஞ்சிய தட்டு, இங்கே மனிதனிடமே வழிகாட்டிச் சென்றது. நம் மண்ணிலும் இத்தகைய சாட்சிகள் உண்டு. வீணை தனம்மாளின் (1867–1938) வாசிப்பை இன்றைய மாணவர் அறிவது எஞ்சியிருக்கும் சில இசைத்தட்டுகளாலேயே. உஸ்தாத் அப்துல் கரீம் கான் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனையைப் பாடிய தட்டு இன்றும் இருக்கின்றது. வடநாட்டு முஸ்லிம் பாடகர் ஒருவர் தென்னாட்டு இராம பக்தரின் பாடலை எப்படி நேசித்தார் என்பதற்கு எந்தச் சரித்திர நூலும் தர முடியாத சான்று அது. அவர் 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் புகைவண்டி நிலையத்தில் உயிர் நீத்தார். குரல் மட்டும் தங்கிவிட்டது.

ஹார்மோனியத்தின் கதையும் கலாயோகிக்குச் சாதகமாக இல்லை. அவரைப் போன்றோர் கிளப்பிய எதிர்ப்பின் தொடர்ச்சியாக அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவிக்குத் தடை விதித்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. ஆனால் கவ்வாலிப் பாடகருக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஏழைப் பாடகருக்கும் ஹார்மோனியமே துணையாக இருந்தது. உயர்ந்த இசையைக் காக்கப் புறப்பட்டவர்கள் எளியவரின் இசையைக் கேட்கத் தவறினார்கள் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

இதே குறையைக் கண்டி ஆண்டுகளிலும் காண்கிறோம். குமாரசுவாமி மலைப்பாதைகளில் வண்டியிற் சென்ற அக்காலத்தில் அம்மலைகளெங்கும் தமிழகத்திலிருந்து வந்த பெருந்தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கி நாற்பதாண்டு ஆகவில்லை. விடியற்காலையில் தப்பு ஒலிக்க, கொழுந்து மலையில் பாட்டு எழ, மாசி மாதத்தில் காமன்கூத்து நடக்க, லயன்களில் தாலாட்டும் ஒப்பாரியும் ஒலித்த காலம் அது. அரசவைக் கைவினைஞரின் வீழ்ச்சியைக் கண்டு உருகிய பெருமகன் எழுதிய பெருநூலில் இக்குரலுக்கு இடமில்லை. அந்நூலின் பொருள் அதுவன்று என்று நாம் சமாதானம் சொல்லலாம். எனினும், தமிழ்க் குடியிற் பிறந்த அவர் செவிக்கு அப்பாடல்கள் எட்டியிருந்தால் நமக்கு எத்தகைய செல்வம் கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் தீரவில்லை.

மிஸிஸிப்பியின் பருத்தி வயலும் கண்டியின் தேயிலை மலையும் வெகு தூரத்திலிருப்பவை. ஆயினும் பிறர் நிலத்தில் பிறருக்காக உழைத்த மக்கள் தம் துயரையும் காதலையும் கேலியையும் பாட்டில் வைத்தார்கள் என்பதில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே வியாபாரத்துக்காகவேனும் ஒரு நிறுவனம் பாட்டைப் பதிவு செய்தது. பின்னர் லோமாக்ஸ் தந்தையும் மகனும் நூலகத்தின் சார்பில் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் சிறைச்சாலைக்கும் சென்றனர். இங்கே அப்பணியைப் பெரும்பாலும் எழுதுகோலே செய்தது. மடகும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் பாடல்களைத் திரட்டி மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற நூலாக 1983இல் தந்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்நூலில் சொல் இருக்கின்றது. மெட்டு, அதைப் பாடியவரின் நாவிலேயே நின்றுவிட்டது.

பாடியவர்கள் எங்கே? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. தலைமன்னார்க் கப்பலில் ஏறிய குடும்பங்களோடு பாட்டும் ஏறிப் போனது. ஒரு பகுதி நீலகிரியில் தங்கிற்று. ஒரு பகுதி இங்கே தங்கிற்று. ஒரே தாலாட்டின் இரு பாதிகள் இரு நாடுகளில் முதுமையடைந்துகொண்டிருக்கின்றன.

முஸ்லிம்களின் நிலையும் பெரிதும் வேறன்று. கண்டியரசின் காலத்திலேயே மடிகே என்ற போக்குவரத்துப் பகுதியில் பணியாற்றி, தவளம் என்ற பொதிமாட்டு அணிகளை ஓட்டிய சமூகம் அது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898), 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி எழுத்தால் தம் சமூகத்தை எழுப்பினார். எழுத்தில் ஏறியது தங்கிற்று. பெண்கள் பாடிய தாலாட்டும், பக்கீர்மார் றபானில் தட்டிப் பாடிய பைத்தும், மவ்லிது ஓதும் ஊர்வழி இராகமும் எழுத்தில் ஏறாதவை. அவற்றைக் கேட்டவர் மறைந்தால் அவையும் மறையும்.

ஆகவே நூறாண்டு வழக்கில் நாம் என்ன தீர்ப்புச் சொல்வது? எத்தலின் புகைப்படங்களை இங்கே மீண்டும் நினைப்போம். கம்மாளனின் கையை ஒளிப்படப் பெட்டியிற் பிடிக்க இசைந்த கலாயோகி, பாடகனின் குரலை ஒலிப்பெட்டியிற் பிடிக்க இசையவில்லை. இது முரண்பாடு போலத் தோன்றினாலும், அதில் ஒரு நுட்பம் உண்டு. படத்தைக் கண்டவர் எவரும் கம்மாளன் இனித் தேவையில்லை என்று எண்ணுவதில்லை. தட்டைக் கேட்டவரோ பாடகன் இனித் தேவையில்லை என்று எண்ணத் தலைப்படுகிறார். குற்றம் கருவியில் இல்லை. கருவியை மனிதனுக்கு மாற்றாக வைக்கும் மனத்தில் இருக்கின்றது. பதிவு சாட்சியாக நிற்கும்வரை நன்மை. வாரிசாக அமர்ந்துவிட்டால் தீமை. அவர் அச்சத்தில் இந்தப் பாதி இன்றும் உண்மையே.

மறுபாதியைக் காலம் திருத்திவிட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 2018 மார்ச்சில் இதே கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. மண்சரிவும் வெள்ளமும் மலையக லயன்களை விட்டுவைப்பதில்லை. இத்தகைய நாட்டில், ஓரிடத்தில் மட்டும் இருக்கும் எதுவும் பாதுகாப்பாக இருப்பதாக நாம் நம்ப இயலாது. படியெடுக்கப்பட்டதே பிழைக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் காத்துவருவது இந்த உண்மையை உணர்ந்த பணியாகும். ஒலிக்கும் அதே அக்கறை தேவை.

எனவே நாம் வேண்டுவது பெரிய திட்டமொன்றும் அன்று. நம் வீட்டு அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் ஒலிநாடாக்களை வெளியே எடுப்போம். திருமண வாழ்த்தோ, கந்தூரி பைத்தோ, கோயில் திருவிழாக் கூத்தோ, எதுவாயினும் அது கெட்டுப்போகுமுன் படியெடுத்து, பாடியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைப்போம். அவலோன் என்ற ஊர்ப் பெயர் பாட்டில் இருந்ததாலன்றோ ஜோன் ஹர்ட் கிடைத்தார்! பெயரற்ற ஒலி, முகவரியற்ற கடிதம். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் அக்குறணையிலும் இன்னும் பாடத் தெரிந்த முதியவர்கள் இருப்பார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அவர்கள் இசைவோடு, அவர்களுக்குரிய மரியாதையோடு, அவர்கள் குரலை நாம் வாங்கிவைக்கலாம்.

ஆனால் பதிவுக் கருவியை மட்டும் அவர்கள் முன் வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அருகே ஒரு பேரப்பிள்ளையும் அமர்ந்திருக்க வேண்டும். பாட்டி ஓரடி பாட, பிள்ளை அதைத் திருப்பிப் பாட வேண்டும். அப்துல் றஹீம் உஸ்தாதின் முன் இரத்தினதேவி அமர்ந்ததும் அப்படித்தான். தட்டும் வேண்டும், தொண்டையும் வேண்டும். கண்டி மலைச்சாரலில் பாறைகளைத் தேடிவந்து மனிதர்களைக் கண்டுகொண்ட அந்தப் பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியும் திருத்தமும் அதுவாகவே இருக்கட்டும்.